கனேலோவுக்குப் புதுநன்மை உடுப்பு

நோய் தீர்க்கும் புனிதர் லாசரப்பரிடம் வேண்டிக்கொள்ளும்போது வாயை அளந்து திறக்க வேண்டும். மொனிம்போ ஊரில் பால்குடிப் பிள்ளைக்குக்கூட இது தெரியும். கேட்டதைக் கொடுத்துவிடுவார் அவர். ஆனால் நேர்ந்ததை நேர்ந்தபடி செய்யவில்லை என்றால் கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விடுவார். அழுதாலும் புரண்டாலும் அதற்கப்புறம் பேச்சு வார்த்தை கிடையாது.

இதானியாவுக்கு ஒன்பது வயது. அவள் வாயை அளக்கவில்லை.

கிறிஸ்துமஸ் அன்று மத்தியானம் அவளுடைய நாய் கனேலோ வாசலில் வந்து சாய்ந்தது. பட்டைத்தூள் நிறம், ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது மடிந்தும் இருக்கும். அன்றைக்கு இரண்டு காதும் மடிந்திருந்தன. வயிறு தண்ணீர் நிரப்பிய தோல்பை மாதிரி ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தது. நாக்கு மண்ணில் கிடந்தது.

அப்பா எவெலியோ செருப்புப் பட்டறையில் அடிப்பாகம் ஒட்டுகிறவர். குனிந்து நாயின் வாயை மோந்து பார்த்தார். "பசை வாடை வரலியே" என்றார். அவருக்கு உலகத்தில் எல்லா நோயும் பசையைத் தின்பதால் வருவது. அம்மா அவுரா சீமைச்சாமந்தியைக் கொதிக்கவைத்து ஊற்றிப் பார்த்தாள். வாயின் இந்தப் பக்கம் போனது அந்தப் பக்கம் வந்தது.

இதானியா உள்ளே ஓடினாள். கதவுக்குப் பின்னால் லாசரப்பர் படம் இருந்தது. கக்கத்தில் ஊன்றுகட்டைகள், உடம்பெல்லாம் புண், புண்ணை நக்கும் இரண்டு நாய்கள். மண்டியிட்டாள்.

"லாசரப்பரே, என் கனேலோ பிழைச்சிட்டா, உங்க திருநாளுக்கு அவனை உடுப்புப் போட்டுக் கூட்டிட்டு வரேன்."

சொல்லிவிட்டு யோசித்தாள். அது எல்லோரும் நேர்வது. பக்கத்து வீட்டுக்காரி தன் நாய்க்குச் சொறி போனதற்கே ஒரு தொப்பி கொடுத்தாள். சொறிக்குத் தொப்பி என்றால் சாவுக்கு என்ன கொடுப்பது?

"என் புதுநன்மை உடுப்பையே போட்டுக் கூட்டிட்டு வரேன். முக்காடு, பூமுடி எல்லாத்தோட."

முதல் தடவை நற்கருணை வாங்கும் நாளுக்கான அந்த உடுப்பு அப்போது வெறும் துணியாக, தெல்மா அத்தை வீட்டு அலமாரியில் மடித்துக் கிடந்தது. மடித்த துணியைக் கொடுப்பதில் யாருக்கும் கஷ்டம் வராது.

மறுநாள் காலையில் கனேலோ எழுந்தான். ஒரு வாளித் தண்ணீரைக் குடித்தான். நேராகப் போய் எவெலியோவின் பூசைக்குப் போகும் செருப்பின் மேல் காலைத் தூக்கினான். வீடே கைதட்டியது. எவெலியோ மட்டும் தட்டவில்லை.

ஈஸ்டருக்கு முந்தின தபசு காலம் தொடங்கியபோது அத்தை உடுப்பை முடித்து எடுத்துக்கொண்டு வந்தாள். கழுத்தைச் சுற்றிச் சரிகைப் பின்னல், கையில் கொசுவம், பாவாடையில் அடுக்கடுக்காக மடிப்பு. ஓரத்தில் ஊசிமுனை அளவு வெள்ளைப் பூக்கள். "கண்ணு பூத்துப்போச்சு அவுரா" என்றாள் அத்தை. அவுரா அதைத் தொடுவதற்கு முன்னால் கையைக் கழுவினாள். புதுநன்மை மே மாதம். அதுவரைக்கும் யாரும் தொடக்கூடாது, ஈ உட்காரக்கூடாது, இருமும்போதுகூட வேறு பக்கம் திரும்பி இரும வேண்டும் என்று உத்தரவு.

அன்றைக்குத்தான் இதானியாவுக்குத் தான் நேர்ந்தது என்னவென்று புரிந்தது. சாயங்காலம் கனேலோ வந்ததும் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அவன் காதிலேயே அழுதாள். அவன் அவள் கையிலிருந்த ரொட்டியைத் தின்று முடித்துவிட்டுத்தான் ஆறுதலாக நக்கினான்.

அம்மாவிடம் சொன்னால் உடுப்பைப் பூட்டிவிடுவாள். சொல்லாவிட்டால் அம்மா சும்மா இருப்பாள், ஆனால் லாசரப்பர் சும்மா இருக்க மாட்டார். கடைசியில் "ஏதோ ஒரு வெள்ளை உடுப்பு நேர்ந்தேம்மா" என்று பாதியைச் சொன்னாள். அவுரா சந்தோஷமாகப் பழைய தலையணை உறையில் நாலு ஓட்டை போட்டுக் கொடுத்தாள். மீதிப் பாதியை அப்பாவிடம், அவர் முகம் கழுவும்போது சொன்னாள்.

எவெலியோ சோப்பு நுரையோடு அப்படியே நின்றார். "இதை நீ என்கிட்ட சொல்லல."

"இப்பத்தானேப்பா சொன்னேன்?"

"என் காதுல தண்ணி போயிருந்துச்சு. எனக்கு ஒண்ணும் கேக்கல. உங்கம்மா கேட்டாலும் அதான் சொல்லுவேன்." நுரையை வழித்துவிட்டு அவளைப் பார்த்தார். "ஆனா நேர்ந்தா நேர்ந்ததுதான் புள்ள."

குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின ஞாயிறு லாசரப்பர் திருநாள். முந்தின நாள் சாயங்காலமே இதானியா கனேலோவைச் சலவைக்கல்லில் கயிற்றால் கட்டினாள். வழக்கமாக இருட்டினால் அவன் போய்விடுவான். தெருவைக் காவல் காக்கப் போகிறான் என்று அவள் பெருமையாகச் சொல்லிக்கொள்வாள். காலையில் எழுந்து பார்த்தால் கல் இருந்தது, பாதிக் கயிறு இருந்தது. நாய் இல்லை.

"அப்பா! லாசரப்பர் எடுத்துக்கிட்டாரு!"

"எடுக்கறவரு கயித்தை எதுக்குடி கடிக்கிறாரு? கோயில் பக்கம் போயிருப்பான். ஊர்ல இருக்கிற அத்தனை நாயும் இன்னிக்கு அங்கதான்."

அவுரா விடியும்போதே கோயில் திடலுக்குப் போய்விட்டாள். சோளக் கள்ளு ஊற்றுகிற பெண்களோடு அவளுக்கு வேலை. இதானியா அந்த நேரம் பார்த்து அலமாரியைத் திறந்தாள். கையைக் கழுவிக்கொண்டு உடுப்பை எடுத்து மாவுப் பையில் வைத்து, மேலே தலையணை உறையைப் போட்டு மூடினாள். எவெலியோ கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மகதலேனம்மாள் கோயில் வாசலிலிருந்து மைதானம் வரைக்கும் வரிசை. மரக்கட்டை வாத்தியமான மரிம்பா அடித்துக்கொண்டிருந்தார்கள். வெயிலுக்கு நாய்கள் எல்லாம் நாக்கைத் தொங்கப்போட்டிருந்தன. கன்னியாஸ்திரி வேடத்தில் இரண்டு சடை நாய்கள், முதுகில் வாழைக்குலை கட்டிய ஒன்று, நர்ஸ் தொப்பி வைத்துக்கொண்டு எல்லோரையும் பார்த்து உறுமும் ஒன்று. ஒரு தடித்த ஆள், மாப்பிள்ளைக் கோட்டுப் போட்ட தன் புல்டாகைத் தூக்கித் தோளில் போட்டிருந்தார். நாய்க்கும் அவருக்கும் ஒரே முகம்.

வாசலில் கோயில்பிள்ளை பிலெமோன் கையில் பிரம்போடு நின்றார். ஒல்லியான மனிதர், தனிக்கட்டை. வருஷா வருஷம் இந்த ஒரு நாள் அவருக்கு ஆகாது. "கோயிலா, நாய்ச் சந்தையா? மனுசனுக்கே ஒழுங்கா உடுப்பில்லாத ஊர்ல நாய்க்கு ஜரிகை! குலைக்கிறது வெளியே! சண்டை போடுறது வெளியே! காலைத் தூக்குறது, தெருவுக்கே வெளியே!"

இதானியா அப்பாவோடு வரிசையைத் துழாவிக்கொண்டே வந்தாள். நடுவில் சட்டென்று நின்றாள். ஒரு பேஸ்பால் ஆட்டக்காரன் அவளைப் பார்த்து வாலாட்டினான். வெள்ளைச் சட்டை, முதுகில் எண், தலையில் நாடா கட்டிய தொப்பி. தொப்பிக்கு வெளியே ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது மடிந்தும் இருந்தன. கழுத்தில் மீதிப் பாதிக் கயிறு.

அவனைப் பிடித்திருந்தது முட்டியெல்லாம் சிராய்ப்போடு ஒரு பையன்.

"டேய், என் நாயை விடுடா!"

"யாரு நாய்? இவன் தீக்ரே. எங்க வீட்டு நாய்."

"புலியாம்ல? இந்த மூஞ்சிக்குப் புலின்னு பேரா? இவன் கனேலோ!"

"அம்மா! ஒரு பொண்ணு தீக்ரேயைத் திருடுதும்மா!"

பையனின் அம்மா நுபியா திரும்பினாள். பன்றித்தோல் வறுவலும் வேகவைத்த மரவள்ளியும் விற்கிறவள். கூடையைத் தலையிலிருந்து இறக்காமலே சண்டை போடத் தெரிந்தவள்.

"என்னங்கண்ணே, புள்ளைய இப்படியா வளக்கிறது? தினமும் ராத்திரி என் மவன் நோர்வின் கட்டிலுக்கடியில படுத்துக் குறட்டை விடுறது உங்க நாயா?"

எவெலியோ, "அக்கா, தினமும் சாயங்காலம் எங்க வீட்ல காபியில ரொட்டி நனைச்சுத் திங்கிறது அப்ப யாரு நாய்?" என்றார்.

நுபியா நாயைக் குனிந்து பார்த்தாள். கூடை அசையவில்லை. "ஏண்டா, காபி வேறயா? நம்ம வீட்ல வச்சா மூஞ்சியத் திருப்பிக்குவியே!"

"நாங்க சக்கரை போடுவோம்" என்றாள் இதானியா.

வரிசையில் இருந்தவர்களுக்கு வெயில் மறந்துவிட்டது. "கூப்பிட்டுப் பாருங்கப்பா! யார்கிட்ட போகுதோ அவங்க நாய்!" என்று யாரோ கத்தினார்கள். இரண்டு பிள்ளைகளும் ஆளுக்கொரு பக்கம் போய் நின்றார்கள்.

"கனேலோ! வாடா கண்ணு! ரொட்டி!"

"தீக்ரே! வா! வா! தோல் வறுவல்!"

நாய் இந்தப் பக்கம் பார்த்தது. அந்தப் பக்கம் பார்த்தது. உட்கார்ந்து கழுத்தைச் சொறிந்தது. தொப்பி கண்ணுக்கு இறங்கியது. பிறகு எழுந்து, யாரையும் வருத்தப்படுத்தாமல், கன்னியாஸ்திரிகளில் ஒருத்தியின் பின்பக்கத்தை மோந்து பார்க்கப் போனது.

"சாமர்த்தியசாலி" என்றார் மாப்பிள்ளை நாய்க்காரர். "ரெண்டு வீட்டையும் வளக்குறான்."

நோர்வினுக்குக் கண் கலங்கிவிட்டது. "இன்னிக்கு நான் தீக்ரேயைக் கூட்டிட்டுப் போயே ஆகணும். கிறிஸ்துமஸ் அன்னிக்குக் காலையில வயிறு ஊதிக் கிடந்தான். திரும்பிப் பாக்கறதுக்குள்ள காணோம். சாகத்தான் போயிட்டான்னு நெனச்சேன். என் சட்டையைப் போட்டுக் கூட்டிட்டு வரேன்னு லாசரப்பர்கிட்ட நேர்ந்தேன். மறுநாள் ராத்திரி வந்துட்டான்."

இதானியா வாயைப் பிளந்தாள். "மத்தியானம் எங்க வாசல்லதான் வந்து விழுந்தான். நானும் நேர்ந்தேன்!"

"அப்ப யாரு நேர்ந்ததுக்குப் பிழைச்சுது?" என்றாள் நுபியா. "என் மவன் காலையிலேயே நேர்ந்துட்டான். முதல்ல அவன்தான்."

"காலையில நேர்ந்து மத்தியானம் எங்க வீட்ல சாகக் கிடந்துச்சே அக்கா" என்றார் எவெலியோ. "எம்பொண்ணு நேர்ந்தப்புறம்தானே எந்திரிச்சுது?"

"அவரு என்ன, கேட்டவுடனே பரிமாறுறதுக்குச் சாப்பாட்டுக் கடையா வச்சிருக்காரு? நேரமாகத்தான் செய்யும்!"

மாப்பிள்ளை நாய்க்காரர் புல்டாகைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டார். "எதுக்கு வம்பு? ரெண்டு பேரு நேர்ந்தா ரெண்டையும் செஞ்சிடுங்க. ஒண்ணு தவறினா அவரு பாதியை எடுத்துக்குவாரு."

"எந்தப் பாதியை?" என்று நோர்வின் பயந்துபோய்க் கேட்டான்.

அந்த ஆளுக்கு அது தெரியவில்லை. இதானியா நாயைப் பார்த்தாள். முன்பாதி போனால் முகம் போய்விடும். பின்பாதி போனால் வால் போய்விடும். எந்தப் பாதியையும் விட முடியாது என்று அவளுக்குத் தோன்றியது. நோர்வினும் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த ஒரு பார்வையில் சண்டை முடிந்துபோனது.

"முதல்ல நீ போ" என்றாள். "உடுப்புப் போட்டுட்டே. அப்புறம் என்னோடது."

முதல் தடவை எல்லாம் சரியாக நடந்தது. பேஸ்பால் ஆட்டக்காரனை நோர்வின் லாசரப்பர் சுரூபத்துக்கு முன்னால் தூக்கிக் காட்டினான். பங்குச் சாமியார், கை சோர்ந்துபோய், குருத்துக் குச்சத்தால் தீர்த்தம் தெளித்தார். நாய் தீர்த்தத்தை நக்கிக் குடித்தது. பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே வந்து, பின்னாலிருந்த மாமரத்தடிக்கு ஓடினார்கள்.

நோர்வின் சட்டையைக் கழற்றினான். இதானியா மாவுப் பையைத் திறந்தாள். தலையணை உறையை எறிந்துவிட்டு, அடியிலிருந்து வெள்ளையாக ஒரு மேகத்தை இழுத்தாள்.

"யம்மாடி!" என்றாள் நுபியா. முதல் முறையாகக் கூடையைத் தலையிலிருந்து இறக்கினாள். "ஏம்மா, இது... புதுநன்மைக்குப் போடுறது இல்ல?"

"அதேதான்" என்றாள் இதானியா.

நாயின் முன்கால்களைக் கொசுவக் கைகளுக்குள் நுழைத்தார்கள். சரிகைக் கழுத்து அளவெடுத்தது போல உட்கார்ந்தது. பாவாடை வாலை மூடியது, வால் பாவாடையைத் தூக்கியது. முக்காட்டைப் போட்டுப் பூமுடியை வைக்கும்போதுதான் பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது. ஒரு குடுவை சோளக் கள்ளு கீழே விழுகிற சத்தம்.

அவுரா நின்றுகொண்டிருந்தாள்.

நாய் போய் மண்ணில் கொட்டிய கள்ளை நக்க ஆரம்பித்தது. முக்காட்டின் நுனி கள்ளில் தோய்ந்தது.

"எவெலியோ."

"எனக்குக் காதுல தண்ணி போயிருந்துச்சு அவுரா."

"உங்கக்கா கண்ணு பூத்துப்போய்த் தச்ச உடுப்பு! நான் கையக் கழுவிட்டுத் தொட்ட உடுப்பு! நாய் உடம்புலயா? ஏண்டி, உன்னைத்தான்! உனக்குப் பேய் புடிச்சிருக்கா?"

இதானியா அழுதுகொண்டே சொன்னாள். படத்துக்கு முன்னால் மண்டியிட்டது, தொப்பி போதாது என்று நினைத்தது, வாய் தவறியது, எல்லாவற்றையும். "கழட்டினா செத்துப்போவாம்மா. ஒரு பாதியாவது செத்துப்போவான்."

அவுரா உடுப்பைக் கழற்ற ஒரு கையை நீட்டினாள். அந்தக் கை பாதியில் நின்றது. அவளும் மொனிம்போவில் பிறந்தவள்தான். இதானியாவுக்குச் சின்ன வயதில் காய்ச்சல் கண்டபோது அவளே முழங்காலால் நடந்து கோயிலுக்கு வந்தவள். நேர்ந்த உடுப்பைக் கழற்றுகிற கை யாருக்கு இருக்கிறது?

"உன் வாயைத் தச்சிருக்கணும் உங்கத்தை" என்றாள். பிறகு நாயைப் பார்த்தாள். பூமுடி ஒரு கண்ணை மறைத்துக்கொண்டு சாய்ந்திருந்தது. "அதென்னடி முக்காடு போட்டிருக்கே? சாமிக்கு முன்னாடி போறதுக்கு இதுவா லட்சணம்? தள்ளு." தன் தலையிலிருந்து இரண்டு ஊசியை உருவினாள். மண்டியிட்டு முக்காட்டை நேராக்கி, பூமுடியை நிறுத்தி, எச்சில் தொட்டு நாயின் நெற்றி முடியை ஒதுக்கிவிட்டாள். "நேரா நில்லு" என்று அதட்டினாள். நாய் நேராக நின்றது.

மறுபடி வரிசை. இந்தத் தடவை வழி விட்டார்கள். சில கிழவிகள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். வாசலில் பிரம்பு குறுக்கே விழுந்தது.

"நில்லு" என்றார் பிலெமோன். கண்ணைச் சுருக்கினார். "இந்த நாய் இப்பத்தானே வந்துச்சு?"

"அது ஆட்டக்காரனுங்க" என்றான் நோர்வின். "இது புதுநன்மைப் பொண்ணு."

"இது பொண்ணா?"

"தங்கச்சி" என்றாள் நுபியா பின்னாலிருந்து. "இரட்டைப் பிறவி."

"ஒரு நாய்க்கு ஒரு ஆசீர்வாதம்தான். எனக்குக் கணக்குச் சொல்ல..."

அதற்கு மேல் அவரால் சொல்ல முடியவில்லை. புதுநன்மைப் பொண்ணு இரண்டு முன்கால்களையும் அவர் நெஞ்சில் வைத்து, முகவாயிலிருந்து நெற்றி வரைக்கும் ஒரே இழுப்பில் நக்கியது. ஊரே பயப்படும் பிலெமோன் பிரம்பைக் கீழே போட்டார். அவர் கை தானாகப் போய் அந்த மடிந்த காதுக்குப் பின்னால், சரியான இடத்தில், சொறிந்துவிட்டது. எந்த இடம் என்று தேடாத கை அது.

இதானியாவும் நோர்வினும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

நாய் கீழே இறங்கியது. பாவாடையைத் தூக்கிக்கொண்டு கோயில் நடுவே ஓடியது. சாமியாரைத் தாண்டி, லாசரப்பரைத் தாண்டி, சுரூபத்துக்குப் பக்கத்திலிருந்த சாமான் அறைக்குள் நுழைந்தது. பிள்ளைகள் பின்னால் ஓடினார்கள். அவர்களுக்குப் பின்னால் அவுரா, எவெலியோ, நுபியா. எல்லோருக்கும் பின்னால், "அங்க போகாதீங்க! அங்க ஒண்ணுமில்ல!" என்று கத்திக்கொண்டு பிலெமோன்.

அறை மூலையில் மெழுகுவத்திப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு தகரத்தட்டு இருந்தது. கனேலோ அதைத் தன் வீட்டுத் தட்டைப் போல நக்கிக்கொண்டிருந்தான். பக்கத்தில் மடித்துப் போட்ட சாக்கு, சாக்கெல்லாம் பட்டைத்தூள் நிற முடி. சுவரில் ஆணியில் பெரிய வெள்ளை அங்கி ஒன்று தொங்கியது. அதற்குப் பக்கத்தில் அதே மாதிரி சின்னதாக ஒன்று. நாலு கைத்துளை.

பிலெமோன் வாசற்படியில் நின்று தலையைக் குனிந்துகொண்டார்.

"விடியக்காலை மணி அடிக்க வரும்போது இவன்தான் துணைக்கு வருவான்" என்றார். "பேரெல்லாம் வைக்கல. வாடான்னா வருவான். கிறிஸ்துமஸ் அன்னிக்கு விடிகாலைல வயித்த வலிச்சுக்கிட்டுப் படுத்திருந்தான். பூசைக்கு மணி அடிச்சிட்டு வந்து பாத்தா ஆளைக் காணோம். எனக்கும்தான் என்ன செய்யிறதுன்னு தெரியல. எனக்கு மாதிரியே அங்கி போட்டுக் கூட்டிட்டு வரேன்னு நேர்ந்துட்டேன். இத்தனை வருஷம் உங்களையெல்லாம் ஏசிட்டு, நானே நாயைப் புடிச்சிட்டு வரிசைல எப்படி நிக்கிறது? காலையிலேர்ந்து அதைத்தான் யோசிக்கிறேன்."

அவுரா இடுப்பில் கை வைத்தாள். "அண்ணே, கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி இவனுக்கு என்ன கொடுத்தீங்க?"

"சாமியார் எனக்குப் பூரணம் வச்ச கோழி ஒண்ணு குடுத்தாரு. ஒத்தை ஆள். பாதியை இவனுக்கு வச்சேன்."

"நாங்களும் பூரணக் கோழிதான் வச்சோம்" என்றாள் நுபியா மெதுவாக. "கால் ரெண்டும் தீக்ரேக்குன்னு இவன் அழுது வாங்கினான்."

"எங்க வீட்லயும்தான்" என்றார் எவெலியோ. "பட்டறைல குடுத்த கோழி. கொஞ்சம் வாடை அடிச்சுது. அதனால முழுசா இவனுக்கே வச்சேன்."

"முழுசாவா?" என்று அவுரா திரும்பினாள். "பட்டறை ஆளுங்களோட தின்னு முடிச்சிட்டேன்னுதானே சொன்னீங்க?"

மூன்று வீட்டுக் கோழியையும் சுமந்துகொண்டு ஊரைச் சுற்றி வந்த வயிற்றை எல்லோரும் பார்த்தார்கள். பங்குச் சாமியார் குச்சத்தோடு வந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காதிலும் எல்லாம் விழுந்திருந்தது.

"அப்ப நோய் இல்ல, ஒண்ணுமில்ல" என்றாள் அவுரா. "அஜீரணம்! அஜீரணத்துக்கா எம்பொண்ணு புதுநன்மை உடுப்பு?"

இதானியாவுக்கு முகம் சிவந்துவிட்டது. தட்டை நக்கும் நாய்க்கு முன்னால் போய் நின்றுகொண்டாள்.

"அம்மா, நீ ராத்திரி முழுக் கோழி தின்னுட்டு, இன்னொரு வீட்ல ரெண்டு கால் தின்னுட்டு, இன்னொரு இடத்துல பாதிக் கோழி தின்னா என்ன ஆவே?"

"செத்துப்போவேன்."

"இவன் சாகலையே! அப்ப அதுதானே அற்புதம்?"

சாமியார் சிரித்ததில் குச்சத்திலிருந்த தீர்த்தம் எல்லோர் மேலும் தெறித்தது. "புள்ள சொல்றது நியாயம்தான். கூட்டிட்டு வாங்க."

புதுநன்மை உடுப்பில் கனேலோவை இதானியா லாசரப்பருக்கு முன்னால் தூக்கினாள். கனமாக இருந்தான். அவன் இதயம் அவள் கையில் துடித்தது. 'இதோ, சொன்னபடியே' என்று மனதுக்குள் சொன்னாள். தீர்த்தம் பட்டதும் கனேலோ தும்மினான். அந்தத் தும்மலில் பூமுடி லாசரப்பர் காலடியில் போய் விழுந்தது. அதை எடுக்கலாமா கூடாதா என்று யாருக்கும் தெரியவில்லை. அங்கேயே விட்டுவிட்டார்கள்.

மூன்றாம் தடவை, சின்ன வெள்ளை அங்கியில், பெரிய வெள்ளை அங்கி போட்ட பிலெமோன் கையைப் பிடித்துக்கொண்டு போகிற மாதிரி அவன் போனான். மூன்றாம் தடவை என்பதால் அவனுக்கு வழி நன்றாகத் தெரிந்திருந்தது. வாசலில் பிரம்பைப் பிடித்துக்கொண்டு எவெலியோ நின்றார். பிலெமோன் பக்கத்தில் வந்ததும் பிரம்பைக் குறுக்கே போட்டார்.

"நில்லு. இந்த நாய் இப்பத்தானே வந்துச்சு?"

வரிசை முழுவதும் சிரித்தது. பிலெமோன் சிரித்து அந்த ஊர் பார்த்தது அன்றைக்குத்தான்.

எல்லாம் முடிந்து கோயில் படியில் உட்கார்ந்தார்கள். அவுரா மடியில் உடுப்பை விரித்து வைத்திருந்தாள். பாவாடையில் இரண்டு காலடித் தடம், ஓரத்தில் கள்ளு வாடை. "மே மாசத்துக்குள்ள துவைச்சிடலாம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிறகு சட்டம் போட்டாள். இனிமேல் விடியக்காலை சாப்பாடு கோயிலில், சாயங்காலம் தன் வீட்டில் ரொட்டியும் காபியும், ராத்திரி நுபியா வீட்டில் எலும்பு மட்டும். யாரும் கோழி கொடுக்கக்கூடாது. படுக்கிற இடம் அவன் இஷ்டம். எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள்.

சட்டம் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் யாரும் நாயைக் கவனிக்கவில்லை. மூன்று தடவை ஆசீர்வாதம் வாங்கின நாய் என்று வரிசையில் இருந்தவர்கள் எல்லாம் அவனுக்கு ஆளுக்கொரு சோள வளையம் ஊட்டியிருந்தார்கள். மாப்பிள்ளை நாய்க்காரர் வாழையிலையில் கட்டி வேகவைத்த சோளமாவு நாகத்தமால் ஒன்றை முழுசாகப் பிரித்து வைத்தார். மரத்தடியில் இறக்கி வைத்த நுபியாவின் கூடையில் தோல் வறுவல் ஒன்றுகூட இல்லை.

கனேலோ தள்ளாடிக்கொண்டு வந்தான். அவர்கள் நடுவில் படியில் சாய்ந்தான். வயிறு ஒரு பக்கமாகச் சரிந்தது. இரண்டு காதும் மடிந்தன. நாக்கு கல்லில் விழுந்தது.

நோர்வின் மண்டியிட்டான். "லாசரப்பரே, என் தீக்ரே பிழைச்..."

நுபியாவின் கை அவன் வாயைப் பொத்தியது. பிலெமோன் மூச்சை இழுத்துக்கொண்டு வாயைத் திறந்தார். எவெலியோ பாய்ந்து அவர் வாயைப் பொத்தினார். அதே நேரத்தில் அவுரா தன் மகளைச் சேர்த்துப் பிடித்து, உள்ளங்கையை அவள் வாயில் அழுத்தினாள்.

"ஒரு வார்த்தை வரட்டும், தோலை உரிச்சிடுவேன். அஜீரணம்! வெறும் அஜீரணம்! தூங்கி எந்திரிச்சா சரியாப் போயிடும்."

இதானியா சரி என்று தலையாட்டினாள். நாயின் வயிறு மெதுவாக ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அம்மா பொத்தியிருந்தது வாயைத்தான்.

அம்மாவின் கல்யாண உடுப்பு கட்டிலுக்கடியில், நீலப் பெட்டியில் இருந்தது. சாவி எங்கே என்றும் அவளுக்குத் தெரியும்.